கப்பலில் ஒலித்த தோட்டத்து மணி

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் அட்டன் ஸ்டேஷனுக்குக் கோச்சி ரயில் எப்போதும் அரை மணி நேரம் பிந்தித்தான் வரும். பஸ்ஸும் அப்படித்தான். கடையில் இருந்த ரேடியோவில் செய்தி வாசிப்பவர்கூட அரை மணி பிந்தித்தான் தொண்டையைச் செருமுவார். "கவர்மெண்டுக்காரன் என்னைக்கு நேரத்துக்கு எந்திரிச்சான்?" என்று அப்பா சொல்வார். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாரும் அதை மறுத்ததில்லை. அரசாங்கம் என்றாலே தாமதம்தான் என்று நாங்கள் எல்லோரும் ஒருமனதாக நம்பியிருந்தோம்.

எங்களுக்கு நேரம் என்பது ஃபேக்டரியில் ஊதும் சங்கு. விடியுமுன் ஒரு தடவை, கொழுந்து நிறுக்கும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, வேலை முடியும்போது ஒரு தடவை. காலைச் சங்கு ஊதியதும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். பிந்தி வருகிறவரை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்த வழியே திருப்பி விடுவார். அன்றைக்கு அவருக்கு வேலை கிடையாது. அப்பா ஒரு நாள்கூட அப்படித் திரும்பி வந்தவரல்ல. அந்தப் பெருமையில் பாதி, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருந்த அலாரம் கடிகாரத்தைச் சேரும். தினமும் சங்கு ஊதும்போது முள்ளைச் சரிபார்த்துச் சாவி கொடுப்பார். சாமிக்குச் சூடம் காட்ட மறந்த நாள் உண்டு, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்த நாள் இல்லை.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது நாங்கள் இந்தியாவுக்குப் போகிறோம் என்று முடிவானது. இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தப்படி அப்பா, அம்மா, நான் மூவரும் இந்தியப் பிரஜைகளாம். அதே தோட்டத்தின் மேல்பிரிவில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மட்டும், மச்சான் வீட்டாரோடு சேர்ந்து இலங்கைப் பிரஜையாம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர் எப்படி இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனோம் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டேன். "அப்பிடித்தான் எழுதியிருக்காங்க" என்றாள். அவளுக்கும் விளங்கவில்லை.

அட்டன் ஸ்டேஷனில் அன்று ஒரே ஒப்பாரி. பிளாட்பாரம் முழுக்க ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அப்பா மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, "இன்னமும் காணோமே" என்று வழக்கம்போல் கோச்சியைத் திட்டினார். "மெதுவாவே வரட்டுங்க, என்னா அவசரம்?" என்றாள் அம்மா. அவள் கோச்சிக்குப் பரிந்து பேசி அன்றுதான் கேட்டேன்.

அக்கா சத்தம் போட்டு அழவில்லை. கோச்சி வந்து நின்ற பிறகு, ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பன்னெண்டு மணிச் சங்கு ஊதுறப்ப நான் ஒங்க மூணு பேரையும் நெனச்சுக்குவேன். நீங்களும் அந்நேரம் என்னய நெனச்சுக்குங்க. வேற என்னா செய்ய முடியும்?"

அப்பா, கடிகாரத்தை வைத்துக் கட்டியிருந்த துணிமூட்டையைத் தட்டிக் காட்டினார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். கப்பல் என்றால் என்னவோ என்றிருந்தேன். உள்ளே போனால் எங்கள் லயம்தான், இன்னும் நெருக்கமாக. ஆனால் மலை இல்லை. எங்கள் தோட்டத்தில் சூரியன் எந்த மலைக்கு மேலே நிற்கிறது என்று பார்த்தாலே நேரம் சொல்லிவிடலாம். இங்கே அது நடுவானத்தில் பிடிமானம் இல்லாமல் நின்றது. "கடல்ல யாருப்பா சங்கு ஊதுவாங்க?" என்று கேட்டேன். அப்பா பதில் தேடுவதற்குள் கப்பலே ஊதியது. அந்தச் சத்தத்தில், எங்களோடு வந்த எங்கள் தோட்டத்துப் பெண்கள் சட்டென்று எழுந்தார்கள். ஒருத்தி கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தேடித் தலையைத் தடவினாள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்கள். சிரித்த வேகத்திலேயே இரண்டு பேர் அழுதார்கள். எதற்குச் சிரிப்பு, எதற்கு அழுகை என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கரை மறைந்த பிறகு கப்பல்காரர் ஒருவர் வந்து, ஒரு மணிக்கு எல்லோரும் மேல்தட்டுக்கு வரவேண்டும், அங்கே அதிகாரி முத்திரை குத்துவார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அலாரத்தை ஒரு மணிக்குத் திருப்பி வைத்தார். தோட்டத்தை விட்டுப் புறப்பட்டதிலிருந்து அவர் கண் மூடவில்லை. "மணி அடிச்ச ஒடனே எல்லாரும் எந்திரிச்சிரணும், பிந்தக் கூடாது" என்று எங்கள் தோட்டத்து ஆட்களிடம் சொல்லிவிட்டு, கடிகாரத்தைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தார். படுத்ததும் குறட்டை வந்தது.

அம்மா என்னிடம் மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு முள்ளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்று சொன்னதும், கப்பல் வந்த திசையில் திரும்பி உட்கார்ந்தாள். "இந்நேரம் அக்கா கொழுந்து நிறுத்துக்கிட்டு இருப்பா" என்றாள். நானும் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்தான் இருந்தது.

எங்களுக்குப் பக்கத்தில் வட்டவளைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஊர்ச் செய்தியெல்லாம் அவள் வாயில்தான் பிறக்கும். "நேரத்துக்கு மேல்தட்டுக்கு வராதவங்கள அந்தக் கரையில எறக்க மாட்டாங்களாம். இதே கப்பல்ல திருப்பித் தலைமன்னாருக்கே கொண்டுபோயிருவாங்களாம்" என்றாள்.

"நெசமாத்தானா?" என்றாள் அம்மா.

"அப்பிடித்தான் பேசிக்கிறாங்க."

இதைக் கேட்டுப் பயப்படுவாள் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் தெளிந்திருந்தது. ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து நான் காணாத முகம். மெதுவாகக் கையை நீட்டி, அப்பாவின் தலைமாட்டிலிருந்த கடிகாரத்தை எடுத்தாள். கம்பளியில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, அலாரம் அடிக்குமே?"

"அடிக்கட்டும். நீ சத்தம் போடாத. பாவம், அப்பா தூங்கட்டும்."

பிந்தக் கூடாது என்றவர் அப்பா. எழுப்பக் கூடாது என்பவள் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் காலைக் கிள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்து வைத்திருந்தாள்.

அலாரம் அடித்தது. டப்பாவில் அடைத்த வண்டு மாதிரி கம்பளிக்குள் அது உறுமியது. அம்மா குனிந்து, இரண்டு கைகளாலும் அதை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டாள். ஆனால் அப்பாவின் காதுகள் தூங்கிப் பழகாதவை. "பெரட்டு!" என்று கத்திக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், எங்கள் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு எழுந்து ஏணிப்படிக்கு ஓடினார்கள். மற்றத் தோட்டத்துக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேல்தட்டில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, பிள்ளைகள் ஒரு வரிசை. யாரும் சொல்லாமலே நின்றோம். எதிரே ஒரு வெற்று மேசை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சோற்றுக் கையோடு ஒரு அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா உங்கள இப்ப வரச் சொன்னது?"

"ஒரு மணிக்குன்னாங்கய்யா" என்றார் அப்பா.

"ஒரு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கே."

"இல்லிங்கய்யா, மணி ஒன்னு. சங்குல சரிபார்த்த கடிகாரமுங்க" என்று சொல்லி, அப்பா அம்மாவின் கையிலிருந்த கம்பளியைப் பிரித்து எடுத்துக் காட்டினார். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதுவும் அதிகாரியின் கட்சி. வேடிக்கை பார்க்க வந்த டிக்கோயாத் தோட்டத்துப் பையன் ஒருவனின் கைக்கடிகாரமும் அதே கட்சி.

"ஒங்க தோட்டத்துல தொரை மணிய அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சிருப்பாரு மாமா" என்றான் அந்தப் பையன். "சில தோட்டத்துல அப்பிடித்தான். வெள்ளன எழுப்பி வெள்ளன வேலைக்கு எறக்கத்தான்."

அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். அத்தனை வருடமும் நாட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, கோச்சியையும் பஸ்ஸையும் ரேடியோவையும் திட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். எனக்கு வேறு குழப்பம். அந்த அரை மணி எங்கே போயிருக்கும்? கடலில் விழுந்துவிட்டதா, அல்லது தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோமா?

வரிசை கலையவில்லை. கலையச் சொல்ல ஆள் இல்லாமல் கலைந்து எங்களுக்குப் பழக்கமில்லை. அரை மணி நேரம் வெயிலில் அப்படியே நின்றோம். முதல் முத்திரை எங்களுக்குத்தான் விழுந்தது. கரையில் முதலில் இறங்கியதும் நாங்கள்தான். "பார்த்தியா, நேரத்துக்குப் போனா மரியாதை" என்றார் அப்பா, குரல் இறங்கிப்போய். அம்மா கரையைப் பார்க்கவே இல்லை.

எங்களை முகாமில் தங்க வைத்தார்கள். அங்கே பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். மறுநாள் அது அடித்தபோது எங்கள் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. பக்கத்து அறைக்காரர், "முள்ளத் திருப்பி வச்சிருங்களேன், ஒரு நிமிச வேல" என்றார். அப்பா கடிகாரத்தைக் கையில் எடுத்தார். பின்னாலிருந்த திருகைத் தொட்டார். பிறகு திருகாமலே வைத்துவிட்டு, "அது கெடக்கட்டும்" என்று வெளியே போய்விட்டார்.

அப்பா களைத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். நாம் செய்து கொடுத்தால் மெச்சுவார்கள் என்று கடிகாரத்தை மடியில் வைத்துத் திருகைப் பிடித்தேன். அம்மா எங்கிருந்து வந்தாளோ, பளீரென்று என் கையில் ஒரு அடி. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

"இத மாத்துனா பன்னெண்டு மணிக்கு அவ அங்க ஒத்தையில நிப்பாடி!"

கப்பலில் கழுத்தை நெரிப்பதுபோல் அமுக்கிப் பிடித்த அதே கடிகாரத்தை, இப்போது சேலைத் தலைப்பால் துடைத்து உயரத்தில் வைத்தாள். கடிகாரம் அடித்தாலும் குற்றம், திருத்தினாலும் குற்றம் என்றால் நான் என்னதான் செய்வது? அழுகையை அடக்கிக்கொண்டு, ஒத்தையில் நிற்பது யாரென்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு நீளமாக வரிசை நின்றது. கடைசி வரை பார்த்தேன். தனியாக நின்றவர் அதில் யாரும் இல்லை.