உம் நஸ்ரியின் மாலூஃப்

ஐந்தாறு மல்பெரி இலைகளைச் சுருட்டி, உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, செம்மறி ஆட்டின் வாயில் திணிக்கிறாள் உம் நஸ்ரி. அது மெல்லாமல் நின்றால் விடமாட்டாள். உள்ளங்கையால் தாடைக்குக் கீழே இரண்டு தட்டு. "மெல்லுடா ராசா, மெல்லு."

லெபனான் மலையில் ஜூன் மாதம் தொடங்கும் இந்த ஊட்டல், செப்டம்பரில் சிலுவைத் திருநாள் வரை ஓயாது. நாளுக்கு ஏழு தடவை தீனி. சாயங்காலம் ஊற்றடியில் குளியல். பிறகு, கொழுப்பெல்லாம் சேரும் அதன் தடித்த வாலைக் கையில் ஏந்தி எடை பார்ப்பாள். பெற்ற மகன் நஸ்ரியைக்கூட இப்படித் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை என்று ஊரில் பேச்சு. திருநாளன்று கத்தி வரும் நேரம் மட்டும் கோயிலுக்குப் போய்விடுவாள். திரும்பி வந்து கொழுப்பை உருக்கி, கறியை உப்போடு வதக்கிச் சாடிகளில் அடைப்பாள். பனி விழுந்து பாதை மூடிவிட்டால் வீட்டுக்கு அதுதான் கறி.

பெய்ரூத்தில் பிறந்த மருமகள் ஹியாம் வந்த புதிதில் கேட்டாள்: "மாலூஃப், மாலூஃப்ங்கிறீங்களே அத்தை, கொழுத்த ஆடுன்னுதானே அர்த்தம்?"

"மேயவிட்டாலும் ஆடு கொழுக்கும், கண்ணு. இது கையால ஊட்டி வளத்தது. அதான் மாலூஃப்."

இந்த வருடம் திருநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் ஆடு வாயை மூடிக்கொண்டது. கையருகே வந்து முகர்ந்து பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். இரண்டாம் நாளே வால் லேசாகிவிட்டது. பக்கத்து வீட்டு அபு ஷாஹீன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒங்க ஆடு தவக்காலத்த இப்பவே ஆரம்பிச்சிடுச்சா?"

"போய்யா, வேலையப் பாத்துக்கிட்டு," என்றாள். கோடை முழுக்கப் பட்ட பாடும், குளிர்காலச் சாடிகளும் அவள் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலை, மாமியார் கையிலிருந்து இலைக்கூடையை வாங்கப் போன ஹியாமின் மூக்கில் ரோஜா வாசனை அடித்தது.

"அத்தை, நாலு நாளைக்கு முன்ன கைக்குப் போடக் குடுத்தேனே, அந்த க்ரீம் போடுறீங்களா?"

"தெனமும்தான். வெடிப்பெல்லாம் எப்படி ஆறிடுச்சு பாரேன்!"

"ஐயோ, அத்தை! அதுக்கு ஒங்க கைய அடையாளமே தெரியல!"

குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சாம்பலும் உப்பும் போட்டு முழங்கை வரை தேய்த்துவிட்டாள். மிச்சமிருந்த வெடிப்புகள் எரிந்தன. கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஈரக் கையை ஆடு வெகுநேரம் முகர்ந்தது. ஒரு நக்கு நக்கியது. வாயைத் திறந்தது.

"அப்பாடா, கர்த்தரே!" உம் நஸ்ரி சிரித்துக்கொண்டே அழுதாள். கூடை காலியாகும் வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மதியம் தாண்டிய பிறகுதான் இருவரும் சாப்பிடவில்லை என்ற நினைவே வந்தது. "என்னாலதானே அத்தை எல்லாம்," என்று ஹியாம் தொடங்கினாள். கிழவி கையைக் கழுவிவிட்டு வந்து ரொட்டியைக் கிழித்தாள், தயிர்க்கட்டியும் ஒலிவக்காயும் வைத்துச் சுருட்டினாள், மருமகள் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு நேரே வாயில் திணித்தாள்.

"எலும்பும் தோலுமா நிக்கிற, பேச்சு என்ன பேச்சு."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளங்கை ஹியாமின் தாடைக்குக் கீழே போய் இரண்டு தட்டுத் தட்டியது.