அழித்த முத்துகள்

கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. டிஜிட்டல் கேமரா வந்த புதிது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் முதலாளி என்னிடம்தான் தள்ளுவார். மற்ற கடைகளில் தோலைப் பளபளப்பாக்குகிறேன் என்று முகத்தில் மைதா பூசிவிடுவார்கள். நான் படத்தைப் பெரிதாக்கி, தழும்புக் குழிக்குப் பக்கத்திலிருக்கும் நல்ல தோலைத் துளித்துளியாக எடுத்து அதன்மேல் வைப்பேன். மயிர்க்கால் தெரியும்; தழும்பு தெரியாது. அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். என் கன்னத்திலும் சின்ன வயதில் அம்மை விட்டுப்போன குழிகள் உண்டு. என் படத்தில் அவற்றை அழித்துப் பழகித்தான் தொழிலே கற்றேன்.

ஒருநாள் சுருளிப்பட்டியிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டி வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற பெண். இரண்டு கன்னத்திலும் அம்மைத் தழும்பு.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக படம் கேட்டாக தாயி. இந்த முத்தெல்லாம் தெரியாமப் பண்ணிரு" என்றார் அம்மா.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. "ஆத்தா போட்டதும்மா. அதப் போயி அழிக்கலாமா?" என்றாள். எங்கள் பக்கம் அம்மை கண்டால் மாரியம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பார்கள். கொப்புளத்தை முத்து என்பார்கள். தழும்பு அவள் வந்துபோன தடம்.

நான் சிரித்தேன். "ஆத்தாவுக்குக் கம்ப்யூட்டரெல்லாம் தெரியாது. நீ பேசாம உக்காரு."

அந்த வாயை இன்று நினைத்தாலும் அறைய வேண்டும்போல் இருக்கிறது.

படம் நன்றாக வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பிடித்துப்போய், நேரில் பார்த்தும் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதாது என்பதால், கொடுத்து முடித்த படங்களின் அசலை வழக்கம்போல் அழித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அம்மா தனியாக வந்தார். காலில் செருப்பில்லை. மகள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள் என்றார். மாலை போட்டு வைக்க வீட்டில் வேறு படமே இல்லை. நாங்கள் எடுத்த படத்தை மேசையில் வைத்தார்.

"இது யாரோ மாதிரி இருக்குத்தா. எம்புள்ள மொகத்தக் குடு. முத்த அழிச்சதுக்குத்தான் ஆத்தா அவளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. திருப்பி வச்சிரு. வீரபாண்டி மாரியாத்தா கோயில்ல தீச்சட்டி எடுக்குறேன்."

அசலை அழித்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து, "இங்கன ஒண்ணு, அங்கன மூக்குக்கிட்ட ரெண்டு" என்று காட்டத் தொடங்கினார். நான் வைத்ததெல்லாம் அழுக்குப் புள்ளியாகவே விழுந்தது. அழிக்கத் தெரிந்த கைக்கு வைக்கத் தெரியவில்லை.

திடீரென்று அவர் விரல் நின்றது. "பெருசா ஒண்ணு இருந்துச்சே, அது எந்தக் கன்னம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் நினைவில்லை. "பெத்தவளுக்கே மறந்துபோச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை நீட்டி என் கன்னத்தைத் தடவினார்.

"இப்படித்தான் இருக்கும். இத எடுத்து வையி தாயி."

முதலாளியைக் கூப்பிட்டு என் கன்னங்களைப் படமெடுக்கச் சொன்னேன். என் தோலைத் துளித்துளியாக எடுத்து, நிறத்தை அவள் நிறத்துக்கு மாற்றி, அவள் முகத்தில் வைத்தேன். இந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது. அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வந்துட்டா" என்றார். நான் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சுருளி அருவிக்குப் போகும் பஸ் சுருளிப்பட்டியைக் கடக்கும்போது, என்னையறியாமல் இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொள்கிறேன். ஊருக்குள்ளே ஏதோ ஒரு வீட்டுச் சுவரில், மாலைக்கு நடுவே, அவை ஏற்கெனவே இருக்கின்றன.