பாஸ்தாவுக்கு வைத்த பூரணம்

என் மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம். சோறு கொதிக்கும் வாசம் வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடுவாள். இட்லி, கஞ்சி, மாதுளை எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மா, "எது பிடிக்குதோ அதையாவது சாப்பிட வைங்க" என்று சொல்லி அனுப்பினார். வண்டியில் திரும்பி வரும்போது என் முதுகில் சாய்ந்தபடி அவள் சொன்னாள்:

"ஏனுங்க, கோயமுத்தூர்ல படிக்கறப்ப ஒரு கடையில பாஸ்தா தின்னேன். சின்னத் தலகாணியாட்டம் இருக்கும். உள்ள சீஸும் காயும் வச்சிருப்பாங்க. அது தின்னா நிக்கும்னு தோணுது."

"உள்ள வக்கறது எப்புடி இருக்கும்?"

"வெள்ளையா, பச்சையா... வாசமே இருக்காதுங்க."

"ருசி?"

"இப்ப நெனச்சுப் பாத்தா கொமட்டும். கேக்காதீங்க."

நான் அதைத் தின்றதில்லை. எங்கள் வீட்டில் யாருமே தின்றதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். மருந்துச் சீட்டானாலும் உர மூட்டையில் அச்சடித்ததானாலும் நான் படித்துச் சொன்னால் அதுதான் முடிவு. ஒரு சமையல் குறிப்பு என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

செல்லில் தேடியெடுத்த குறிப்பில் சொன்ன சீஸ் எங்கள் எருமப்பட்டிக் கடைகளில் கிடைக்கவில்லை. பாலில் எலுமிச்சை பிழிந்து, திரிந்ததை வடிகட்டினாலும் போதும் என்று இன்னொரு குறிப்பு சொன்னது. அம்மாவிடம் பால் கேட்டேன்.

"கன்னு போட்டு இன்னும் ஒரு மாசம் ஆகலை. அந்த மாட்டுப் பாலை வேணும்னே திரிக்கறதா? மடிக்கு ஆகாது சாமி."

அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பாக்கெட் பால் வாங்கி வந்தார். கட்டுத்தறியில் கறவை மாடு நிற்க, எங்கள் வீட்டுக்குள் கடைப்பால் நுழைந்தது அதுதான் முதல் முறை. "கெடுக்கறதுக்கு இது போதும்" என்று கொடுத்தார்.

திரிந்ததைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டேன். பாலக்கீரையை வேகவைத்து, நறுக்கி, கேரட்டைத் துருவிச் சேர்த்தேன். 'நீரை நன்றாகப் பிழியவும்' என்றிருந்தது. பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எதுவரை பிழிந்தால் 'நன்றாக' என்று தெரியவில்லை. கடைசி வரி, 'சுவைத்துச் சரிபார்க்கவும்.' எதை வைத்துச் சரிபார்ப்பது?

அப்பா எட்டிப் பார்த்தார். "இது இனிப்பா, காரமா?"

"ரெண்டும் இல்லீங்கப்பா."

"அப்பறம் எதுக்குத் திங்கறாங்க?"

அம்மா ஒரு துளி எடுத்து வாயில் போட்டார். "தாளிக்காத பொரியலாட்டம் இருக்குது. துளியூண்டு கடுகு போட்டு..."

"தாளிச்சா அவ ஓடிருவாம்மா!"

"நான் ஒண்ணும் பண்ணலை போ."

மாவு பிசையும் முறையைப் பார்க்க வீடியோ தேவைப்பட்டது. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. செல்லை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். திரும்பி வரும்போதெல்லாம் பூரணத்தை ருசி பார்த்தேன். முதலில் சப்பென்று இருந்தது. அடுத்த முறை ஏதோ மணந்தது. அதற்கடுத்து லேசாக இனித்தது. பிறகு நாக்கில் சுருக்கென்றது. சீஸ் ஆற ஆற ருசி மாறும் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். அப்படி எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பதுதான் குழப்பம்.

மைதாவைத் தேய்த்து, பூரணம் வைத்து மூடி, ஓரத்தைச் சோமாசிக் கரண்டியால் வெட்டினேன். கொதிநீரில் பாதி வாய் பிளந்தது. தப்பித்ததைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

ஒன்றைக் கடித்து மெதுவாக மென்றாள். "இது அது இல்லீங்க" என்றாள். தட்டைத் திரும்ப எடுக்கப் போனேன். அவள் கை இன்னொன்றை எடுத்தது. தட்டு காலியாயிற்று. மத்தியானம் முழுவதும் புழக்கடைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து ஓடவில்லை. தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில், "நேத்து மாதிரியே வைங்க" என்றாள். அம்மா காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார், அப்பா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். நேற்றைய வீடியோ நினைவில் இருந்தது, வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அதே பால், அதே கீரை. அடுப்படியை விட்டு நகராமல் செய்தேன். ஒரு கடி கடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து வச்சது இது இல்லீங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவும் அப்பாவும் வந்ததும் கேட்டேன்.

"நான் என்னத்தப் போட்டேன்?" என்றார் அம்மா. "சீரகத்த வறுத்துப் பொடிச்சுத் துளி போட்டேன். வாந்திக்கு நல்லதுன்னு."

அப்பா தொண்டையைச் செருமினார். "நான் கொஞ்சம் நாட்டுச்சக்கரை..."

"நீங்களுமா? நீங்க எப்ப அடுப்படிக்கு வந்தீங்க?" என்று அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீ அந்தப் பக்கம் போனப்பத்தான். சப்புன்னு கெடந்தா புள்ள எப்புடித் திங்கும்?"

"அதான் இனிச்சுதா! பாலு கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு நான் மொளகை நுணுக்கிப் போட்டேன்!"

தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு சீரகம், எவ்வளவு சர்க்கரை என்று கேட்டேன். அம்மா விரல் நுனியைக் காட்டினார். அப்பா உள்ளங்கையைக் காட்டினார். "அத்தனையா போட்டீங்க?" என்று அம்மா கத்த, அப்பா கையைக் கொஞ்சம் சுருக்கினார். எழுதுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. உள்ளே அவள் காலையிலிருந்து பட்டினி.

மறுபடி பாலைத் திரித்தேன். கீரையைப் பிழிந்து கலந்து, உப்பு மட்டும் போட்டு அடுப்பு மேடையில் வைத்தேன்.

"டவர் இல்ல. வெளிய போயிட்டு வாரேன்" என்று இருவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். செல்லில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அடுப்படியில் டப்பா மூடிகள் திறந்து திறந்து மூடின. "நீங்க மொதல்ல போடுங்க" என்றார் அம்மா. "நேத்து நீதான் மொதல்ல" என்றார் அப்பா. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து உள்ளே போனேன். ருசி பார்க்கவில்லை. மாவில் வைத்து மூடி, வேகவைத்து எடுத்துக் கொண்டுபோனேன்.

"நேத்து மாதிரி இல்லீங்க" என்றபடியே இரண்டாவதை எடுத்தாள். அப்படியானால் என்ன மாதிரி என்று கேட்க வாயெடுத்தேன். அவள் மென்றுகொண்டிருந்தாள். தட்டை அவள் மடியில் வைத்துவிட்டு, மிச்ச மாவைத் தேய்க்கப் போனேன்.