முந்திரிகைக் கொடி வெட்டப் போன வீடுகள்

கொடி வெட்டி முடித்த அன்றைக்கே என்னைப் பாராட்டின வீட்டுக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. என்னுடைய தொழில் அப்படி.

பங்குனி மாதத்துக் குளிரில் ரொறன்ரோ வீடுகளின் பின்வளவுக்குப் போய் முந்திரிகைக் கொடிகளை வெட்டிவிடுவதுதான் வேலை. இந்தியாக்காரர் திராட்சை என்பார்கள். மன்னாரில் பிறந்த எனக்கு அது எப்போதும் முந்திரிகைதான். மிசிசாகாவில் போத்தல் மூடி செய்கிற ஃபக்டரியில் பன்னிரண்டு வருடம் நின்றேன். அதையும் ஒருநாள் மூடினார்கள். பிறகு நயாகராப் பக்கத்துத் தோட்டமொன்றில் மூன்று வருடம் வேலை செய்தபோது இந்தக் கொடிப் பைத்தியம் பிடித்தது. இன்றுவரை தெளியவில்லை. பின்வளவில் ஒரு கொடியை வைத்துக்கொண்டு அணில், வண்டு, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பக்கமும் சண்டை பிடிக்கிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

மோட்டர் எங்கே?

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் குகன் என்பவருடைய வீடு. கதவைத் திறந்தவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வெட்டுறவர் வரேல்லையோ?" என்றார். வெட்டுறவர் நான்தான் என்றதும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஐந்து வருடமாகக் கத்தரி படாத கொடி. கராஜ் சுவரில் ஏறி, வேலியில் இறங்கி, பக்கத்து வளவுக்குள்ளும் எட்டிப் பார்த்தது. இலை காடுபோல வரும், பழம் ஒரு கோப்பைக்கும் காணாது என்று குறைப்பட்டார். போன வருடம் வளர்ந்த தடியில் இருக்கிற முளைக்கண்ணிலிருந்து இந்த வருடம் புதுக்குருத்து வரும். அந்தக் குருத்தில்தான் குலை பிடிக்கும். அதனால் நல்ல தடி நாலைந்தை விட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் எடுக்கவேண்டும். பத்தில் ஒன்பது பங்கை வெட்டிப் பனியில் போட்டேன். குகன் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கையில் தேத்தண்ணி ஆறிப்போக, செத்தவீட்டில் நிற்கிறவர்போல நின்றார்.

மூன்று கிழமை கழித்துத் தொலைபேசி வந்தது. "அக்கா, நீங்கள் வெட்டின இடமெல்லாம் தண்ணியா ஒழுகுது. கொடி சாகுது போல." ஓடிப் போனேன். சாகவில்லை. வெட்டின முனை ஒவ்வொன்றிலும் ஒரு துளி திரண்டு, நடுங்கி, விழுந்தது. உடனே அடுத்த துளி. மண் சூடாகி வேர் விழித்துவிட்டது. ஒரு இலைகூட இன்னும் வரவில்லை. மாரிக்குளிர் முழுக்க இரும்புபோல உறைந்து கிடந்த ஒரு தடி, யாரும் சொல்லாமல், தன் பாட்டில் நிலத்துத் தண்ணீரைக் கராஜ் கூரை மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு வருடமும் முதல்தரம் பார்க்கிறவள்போலப் பார்ப்பேன். குகன் ஒரு துளியை விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு கொடியைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, அடிமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நான் பெரிய கட்டிடங்களுக்குத் தண்ணிப் பம்ப் திருத்துறவன். உதுக்குள்ள மோட்டர் எங்க இருக்கெண்டு ஒருக்கால் காட்டுங்கோ."

சோப்புத் தண்ணி

மல்லிகா ரீச்சர் ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் சாமிப் படத்துக்குப் பூ வைக்காமல் கோப்பி குடிக்கமாட்டார். ஆனி மாதத்தில் ஒருநாள் பதறிக்கொண்டு கூப்பிட்டார். "கொடி முழுக்கப் பச்சைப் பச்சையா ஏதோ பூச்சி முட்டை போட்டிருக்கு, ஸ்ரெல்லா. சோப்புத் தண்ணி அடிச்சுப்போட்டன்." நல்ல காலம், பாதிக் கொடியோடு போத்தல் முடிந்துவிட்டதாம்.

போய்ப் பார்த்தால், அது முட்டை இல்லை, பூ. ரீச்சர் பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, சோப்பு படாத பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். கடுகளவு பூ. இதழ் விரித்துக் காட்டுகிற பழக்கம் இதற்கு இல்லை; பச்சைத் தொப்பி ஒன்றைப் போட்டிருக்கும். நேரம் வந்ததும் அந்தத் தொப்பி அடியில் கழன்று மேலே எழும்பி விழும். உள்ளே ஐந்து மெல்லிய நூல்கள் நிமிர்ந்து நிற்கும். தேனீயைக்கூட அது எதிர்பார்ப்பதில்லை, தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். எல்லாம் ஒரு கிழமைக்குள். அந்தக் கிழமையில் கடும் மழையோ குளிரோ பிடித்தால் அந்த வருடம் குலை பல்லில்லாத வாய்தான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தொப்பி கழன்றது. ரீச்சர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். இருக்கா இல்லையா என்று சொல்லமுடியாத ஒரு வாசம் அதற்கு. குனிந்தவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே என்னிடமல்ல, சோப்பு அடித்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னார்: "மன்னிச்சுக்கொள்ளம்மா. இவ்வளவு பெரிய குலைக்கு இவ்வளவு வெக்கம் பிடிச்ச பூ இருக்குமெண்டு ஆர் கண்டது?"

பதினேழாம் மாடி

சென் ஜேம்ஸ் ரவுணில் டாக்ஸி ஓடுகிற யோகன் அண்ணை, பல்கனியில் ஒரு பிளாஸ்ரிக் வாளிக்குள் கொடி வளர்த்தார். பதினேழாம் மாடியில். மாரியில் தண்டைவிட வேருக்குத்தான் ஆபத்து என்று யாரோ சொல்லக் கேட்டு, தன் பழைய குளிர் ஜக்கெற் மூன்றையும் வாளிக்குப் போட்டு, சிப்பையும் இழுத்துவிட்டிருந்தார். ஐந்தாம் வருடம் ஆறு குலை. ஆவணிக் கடைசியில் அது கறுத்து வருகிற நேரம் பார்த்து, கட்டிடத்தில் கொங்கிறீற் உடைக்கப்போகிறார்கள், பல்கனியில் ஒரு தும்பும் இருக்கக்கூடாது என்று கடிதம் வந்தது. அவருடைய தங்கச்சி வீட்டுக்கு என் வானில் ஏற்றிப் போவதென்று முடிவாயிற்று. வாளியை ஒரு தள்ளுவண்டியில் வைத்து லிப்ற்றுக்குள் ஏற்றினோம். கொடி என் தலைக்கு மேலே நின்றது.

பதினான்காம் மாடியில் ஒரு நேபாளப் பெண் ஏறினாள். தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "சாப்பிடுங்கோ" என்று யோகன் அண்ணை கையால் காட்டினார். பதினொன்றில் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஒரு மனிதர் ஏறினார். அவர் பழத்தைத் தொடவில்லை. ஒரு இலையைப் பிடித்து அதன் பின்பக்கத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றார். யோகன் அண்ணை ஒரு குலையை முறித்து அவர் கையில் வைத்தார். ஒன்பதில் இரண்டு பேர், ஆறில் ஒரு தாயும் குழந்தையும். நடுவில் இறங்கவேண்டியவர்கூட இறங்கவில்லை. லிப்ற்றுக்குள் ஏறினால் எல்லோரும் தொலைபேசியைப் பார்க்கிற கட்டிடம் அது. அன்றைக்கு எல்லோரும் மேலே பார்த்து மென்றுகொண்டிருந்தார்கள். கீழே வந்தபோது மிச்சம் ஒரே ஒரு குலை. நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை பாசான பிள்ளையின் முகம். கட்டிடத்துக்குப் பொறுப்பான பிலிப்பைன்ஸ்காரர் வாசலில் நின்றார். வாளி வழியெல்லாம் மண் கொட்டியதற்கு ஏசத்தான் வந்தார். நான் நீட்டிய பழத்தை வாயில் போட்டுவிட்டு, எத்தனையாம் மாடியில் காய்த்தது என்று கேட்டார். சொன்னோம். ஆங்கிலத்தில் சொன்னார்: "என்னுடைய வீடு தரையில் இருக்கிறது. அங்கே புல்லுக்கூட வரமாட்டேன் என்கிறது."

வேலையாட்கள்

பழத்தைப் பறித்தபிறகு பழுக்கவைக்க முடியாது. வாழைக்குலைபோல அறைக்குள் கட்டித் தூக்குகிற விளையாட்டு இதனிடம் செல்லாது. அதனால் நாளைக்குப் பறிப்போம், நாளைக்குப் பறிப்போம் என்று இனிப்புக்குக் காத்திருந்த ஒரு வீட்டில், சனிக்கிழமை காலை பறவைகள் கூட்டமாக வந்து முடித்துவிட்டன. புளிப்பாக இருந்ததில் ஒன்றையும் தொடவில்லை. வீட்டுக்காரரின் மகள் அபி, இங்கே பிறந்தவள், யன்னலால் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் கை தட்டாத குறையாகச் சொன்னாள்: "அன்ரி, எது றெடி எண்டு அவைக்கு மட்டும்தான் தெரியுது. வீ ஆர் ஜஸ்ற் த ஸ்ராஃப்."

ஜெயந்தி பார்த்திருந்தது

மிசிசாகாவில் ரமணன் என்று ஒருவர் ஆடி மாதத்தில் கூப்பிட்டார். "பழத்தைக் கெதியாப் பழுக்கவைக்க ஏதும் மருந்து இருக்கோ?" என்றார். இல்லை, அப்படிச் செய்யவும்கூடாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பிறகுதான் மனைவி ஜெயந்திக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது, வாயெல்லாம் புண், சோறு இறங்குதில்லை, வீட்டுக் கொடியின் பழம் சாப்பிடவேணும் என்று மட்டும் கேட்கிறா என்றார். எனக்கு என் நாக்கைக் கடிக்கவேண்டும்போல இருந்தது.

அடுத்தநாள் போனேன். கொடி நிறையப் பச்சைக் காய், கல்லுப்போல. இலைதான் வெயிலைப் பிடித்து இனிப்பாக்கிப் பழத்துக்கு அனுப்புகிறது. இத்தனை குலைக்கும் பங்குபோட்டால் ஒன்றுக்கும் காணாது. பாதிக் குலையை வெட்டி எறியவேணும் என்றேன். ரமணனுக்குக் கை வரவில்லை. யன்னலுக்கு அந்தப் பக்கம் தொப்பி போட்டுக்கொண்டு இருந்த ஜெயந்தி, வெட்டுங்கோ என்று தலையை ஆட்டினா. வெட்டினேன். காலை வெயில் விழுகிற பக்கத்தில் குலையை மறைத்த இலைகளை மட்டும் கிள்ளினேன். மிஞ்சிய குலைகளுக்குத் துணிப்பை கட்டினேன். இதற்குமேல் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு ஜெயந்தி ஒவ்வொரு காலையும் கதிரையைக் கொடிக்கடியில் போட்டு, ஒரு பையை மட்டும் அவிழ்த்துப் பார்ப்பாவாம். ஆவணி நடுவில் ரமணன் கூப்பிட்டார்: "அக்கா, ஒண்டு நிறம் மாறியிட்டுது. ஒண்டே ஒண்டு!" ஒரு குலையில் நூறு காய் இருந்தால் எல்லாம் ஒன்றாக மாறுவதில்லை. முதலில் ஒன்று ஊதாவாகும், இரண்டுநாள் கழித்துத் தூரத்தில் இன்னொன்று. பிறகு கல்லாக இருந்தது இளகும், புளிப்பு இறங்கும். ஜெயந்தி அதை எண்ணி எண்ணித் தொலைபேசியில் எனக்குச் சொல்லத் தொடங்கினா. சில நாள் குரல் வராது, ரமணன் சொல்லுவார். புரட்டாதி முதல் கிழமை பறித்தோம். நேர்சிடம் கேட்டு, நன்றாகக் கழுவி, குளிரவைத்துக் கொடுத்தார்கள். நான் முன்னால் நிற்கவில்லை. ஒரு மனுசி தன் புண்வாயைத் திறந்து சாப்பிட்டுப் பார்க்கிற நேரம் அது. பிறத்தியார் நிற்கிற இடமில்லை.

அடுத்த பங்குனியில் நான் வெட்டப் போனபோது கதவைத் திறந்தது ஜெயந்திதான். தலையில் புதுமுடி, கட்டையாக, சுருள் சுருளாக. சிகிச்சை முடிந்துவிட்டது. அந்தப் பழம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவேயில்லை, தானாகவே சொன்னா: "மாசக்கணக்கா எதை வாயிலை வைச்சாலும் இரும்பைச் சூப்பின மாதிரி அக்கா. அண்டைக்குத்தான் ஒரு சாமான் தன்ரை ருசியோடையே என்ரை வாய்க்குள்ள வந்தது. நான் இன்னும் இருக்கிறன் எண்டு எனக்கு அப்பதான் தெரிஞ்சது."

ஒரு சாண் தடி

ரவி அண்ணை வாங்கிய வீடு முன்பு ஓர் இத்தாலியக் குடும்பத்தினுடையது. பந்தல் நிறையக் கொடி, அடிமரம் என் தொடைப் பருமன். அந்த இடத்தில் பேஸ்மென்ருக்குத் தனிவாசல் வைக்கவேணும், கார்த்திகையில் நிலம் உறையமுந்தி ஆட்கள் வருகிறார்கள், வெட்டி எடுத்துவிடுங்கோ என்றார். எனக்கு மனமில்லை. ஆனால் வீடு அவருடையது. மரம் அறுக்கிற வாளை எடுத்த நேரம் வாசலில் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும். பழைய வீட்டுக்காரரின் மகள். அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார், இந்தக் கொடியில் ஒரு தடி கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

இந்த வேனிலில் வளர்ந்த தடியில், மூன்று கண் இருக்க, ஒரு சாண் வெட்டி ஈரப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். மாரி முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்து, வசந்தத்தில் இரண்டு கண் மண்ணுக்குள் போக நடச் சொன்னேன். "இதன் பிள்ளையா இது?" என்று கேட்டாள். இல்லை என்றேன். விதையில் முளைப்பதுதான் பிள்ளை, அது வேறு குணத்தோடு வரும். தடியில் வருவது பிள்ளையல்ல, இதே கொடி. அவளுடைய அப்பா கொண்டுவந்ததும் இப்படியொரு தடிதான், அவருக்குத் தந்தவரிடம் இருந்ததும் ஒரு தடிதான். யாரோ ஒருவர் எந்தக் காலத்திலோ ஒரு பழத்தைச் சாப்பிட்டு, இது சாகக்கூடாது என்று நினைத்து வெட்டின முதல் தடி, கைமாறிக் கைமாறி இன்னும் சாகவில்லை. கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் தடியைப் பச்சைக்குழந்தையைப்போல ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் வாளை மரத்தில் வைத்தேன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட ரவி அண்ணை கையை நீட்டித் தடுத்தார். தொலைபேசியை எடுத்துக் கட்டிட ஆளுக்குச் சொன்னார்: "தம்பி, வாசலை மற்றப் பக்கத்தாலை போடுவம். இங்க ஏற்கெனவே ஒராள் குடியிருக்கு, அது என்னைவிடப் பழைய ஆள்."

மண்ணும் மழையும் வெயிலும் ஐந்து மாதம் ஓயாமல் பாடுபட்டுச் செய்கிற ஒரு பழத்தை, ரீவி பார்த்தபடி ஐந்து நிமிடத்தில் தின்று முடித்துவிட்டு, "கொஞ்சம் புளிப்புத்தான்" என்று சொல்ல மனிதரால் மட்டும்தான் முடியும், அந்த மனிதரில் நானும் ஒருத்தி.