தாயில்லாத சாமி

என் நாத்தனார் அர்க்கிப்பா கல்லைக் கழுவும்போது ஓரிடத்தில் மூச்சை நிறுத்துவாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஓடைத் தண்ணீரை ஊற்றி, எண்ணெய் தடவி, புதுக் கம்பளி நூலைச் சுற்றி முடித்ததும் சாமியைக் கூப்பிடுவாள். எந்தச் சாமியானாலும் பெற்றவர் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதுதான் முறை. ஜீயஸை குரோனோஸின் மகனே என்போம். ஹெர்மெஸை மாயாவின் மகனே என்போம். இவள் மட்டும் "ஏரோஸே" என்று சொல்லிவிட்டு, தாயின் பெயர் வரவேண்டிய இடத்தில் உதட்டை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகுதான், "மெதுவா வா, கொஞ்சமா வா" என்று முடிப்பாள்.

எங்கள் ஊர் தெஸ்பியாவில் காதல் சாமி ஏரோஸ் உளி படாத கல். இடுப்பு உயரம் இருக்கும். முகமும் கிடையாது, இறக்கையும் கிடையாது. வில் பிடித்த பையனைத் தேடி வரும் வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கும்போதெல்லாம் அர்க்கிப்பா அவர்களுக்கும் கல்லுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வாள். கல்லைக் காப்பாற்ற நிற்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, சிரிப்பவர்களைக் காப்பாற்றத்தான் நின்றாள்.

"எல்லாரும் அஃப்ரோதித்தியோட பிள்ளைன்னு சொல்றாங்களேக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

அவள் முதலில் வாசலைப் பார்த்தாள்.

"ஒருத்தி பிள்ளை பெறணும்னா ரெண்டு பேர் சேரணும். சேர வைக்கிறதே இவன்தான். அப்ப இவனைப் பெத்தவங்களை யாரு சேர்த்து வெச்சா?" என்றாள். "உலகத்துல முதல்ல வெறும் பிளவு. அப்புறம் மண்ணு. அப்புறம் இவன். அம்மான்னு ஒருத்தி இருந்தா அதட்டி உட்கார வைப்பா. இவனை அதட்ட ஆளே இல்ல. அதான் எனக்குப் பயம்."

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா பிலின்னா, திருவிழாக் கூட்டத்தில் இந்தக் கல்லைத் தட்டி, "உங்கம்மா தேடுறாடா, வீட்டுக்குப் போ" என்று கேலி செய்தவள். எல்லோரும் சிரித்தார்களாம். அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒரு கூலிப் படைவீரன் பின்னால் செருப்புக்கூட இல்லாமல் போனாள். அவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபாயிஸ் ஏரியில் நாணல் அறுப்பவர்கள்தான் உடலைக் கொண்டுவந்து போட்டார்கள். குளிப்பாட்டியது அர்க்கிப்பா. அதன் பிறகு கல்லைக் கழுவிப் பராமரித்துக்கொண்டிருந்த கிழவி இறந்தபோது, யாரும் கேட்காமலே இவள் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பயப்படுகிற பொருளைக் கண் பார்வையில் வைத்துக்கொள்ள நினைத்திருப்பாள்.

அவளுக்கும் கல்யாணம் நடந்தது. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். "நல்ல மனுசன்தான். ஆனா நான் அவரை அவ்வளவா விரும்பல. அதான் தப்பிச்சேன்" என்று எண்ணெய்க் குப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். என் புருஷன் கபிசியஸ்தான் அந்தத் தம்பி. எங்கள் ஒரே மகள் மெலித்தா வளர்ந்தது அவள் மடியில்தான்.

மெலித்தாவுக்குக் கொரிந்துவிலிருந்து சம்பந்தம் வந்தது. பையன் லிக்கோன் வெண்கலப் பாத்திரம் விற்க வந்தவன். வந்த இடத்தில் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். அவன் பெயரைச் சொன்னாலே அவள் காது சிவக்கும். அதைக் கண்டு நான் சிரித்தேன். அர்க்கிப்பா சிரிக்கவில்லை.

பையனின் அம்மா டிமரேத்தா வாட்டசாட்டமான பொம்பளை. இறங்கியதுமே எங்கள் வாற்கோதுமை அடையைக் கிள்ளிப் பார்த்து, "இதைத் தின்னுதான் உங்க ஊர்ல எல்லாரும் இப்படி மெதுவாப் பேசறீங்களா?" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண் வண்டியில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் இறங்கியதும், வாசலிலேயே அந்த வண்டியின் அச்சைக் கழற்றி எரிப்பது வழக்கம். இனி திரும்பிப் போக வழியில்லை என்று அதற்கு அர்த்தம். அதைக் கபிசியஸ் சொன்னபோது அவள் கையை ஆட்டினாள்.

"அதெல்லாம் நாங்க செய்யறதில்ல சம்பந்தி. சரிப்படலன்னா அதே வண்டியில திருப்பி அனுப்பிடுவோம். அச்சு எதுக்கு வீணா?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

கல்யாணக் காலையில் மெலித்தாவைக் கல்லின் முன் நிறுத்தினோம். தலையில் தண்ணீர்விட்டான் முட்கொடியைப் பின்னிய மணமுடி. முள் நெற்றியில் குத்தி ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அர்க்கிப்பா தண்ணீர் ஊற்றினாள், எண்ணெய் தடவினாள், நூல் சுற்றினாள். "ஏரோஸே" என்றாள். உதட்டை மூடினாள்.

"நிறுத்துங்க" என்றாள் டிமரேத்தா. "அம்மா பேரு எங்க?"

"எங்க ஊர்ல சொல்றதில்ல சம்பந்தியம்மா" என்றாள் அர்க்கிப்பா, தரையைப் பார்த்தபடி.

"எங்க மலை உச்சியில குடியிருக்கற அஃப்ரோதித்திதான் அவனோட அம்மா. நான் தினம் கும்பிடறவ. அவ பேரை முழுங்கிட்டு என் மருமகளை வாழ்த்துவீங்களா? அம்மா பேரு தெரியாத பிள்ளைய எங்க ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க தெரியுமா?"

என் புருஷனின் சித்தப்பா சூழ்நிலையை இலேசாக்கப் பார்த்தார். "ஏதென்ஸ்ல அவன் முட்டையிலேர்ந்து வந்தான்னு சொல்றாங்கம்மா. அப்ப அம்மா கோழியா வாத்தான்னு யாரும் கேக்கறதில்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. டிமரேத்தா முக்காட்டை இழுத்துச் செருகினாள். "லிக்கோன், வண்டிய பூட்டச் சொல்லு." லிக்கோன் மெலித்தாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், நின்ற இடத்திலேயே நின்றான்.

கல்லின் முன்னால் நிறுத்தித் திருப்பிவிட்ட பெண்ணை எங்கள் ஊரில் யாரும் எடுக்கமாட்டார்கள். சாமியே வேண்டாம் என்றது என்பார்கள். அதைவிட, மெலித்தாவின் முகத்தை நான் பார்த்தேன். வண்டி அவளை விட்டுவிட்டுப் போனால், பிலின்னாவைப்போல அவளும் பின்னால் நடப்பாள். செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளமாட்டாள். அர்க்கிப்பாவும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு வார்த்தைதானே, சொல்லிடு" என்றான் கபிசியஸ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு வார்த்தைதான்" என்றாள் அவள். "அத விளையாட்டாச் சொன்னதுக்கே நம்ம அக்காவ நாணல் மேல தூக்கிட்டு வந்தாங்க."

மெலித்தா ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் முந்தானை ஓரத்தைப் பிடித்தாள், சின்ன வயதில் கூட்டத்தில் பிடிப்பதுபோல. அர்க்கிப்பா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவளை என் பக்கம் தள்ளினாள். "அந்தப் பக்கம் போ. கல்லத் தொடாத." பிறகு குப்பியில் இருந்த எண்ணெய் முழுவதையும் ஊற்றிவிட்டு, கேட்டே பழகாத குரலில் சொன்னாள்: "ஏரோஸே, அஃப்ரோதித்தியோட மகனே, மெதுவா வா."

ஒன்றும் நடக்கவில்லை. ஈ ஒன்று எண்ணெயில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டது. டிமரேத்தா, "இதுக்குப் போய் இவ்வளவு பாடா?" என்று என் தோளில் தட்டினாள். ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வண்டி புறப்பட்ட பிறகு குடத்தை எடுக்க நான் திரும்பிப் போனேன். அர்க்கிப்பா அங்கே கல்லின் மேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியாது.

"சொன்னது நான். அந்தப் புள்ள வாயத் தொறக்கல. அவளுக்கு அம்மா இருக்கா, புருஷன் இருக்கான், இனிமே குழந்த இருக்கும். எனக்கு ஒருத்தரும் இல்ல. வர்றதா இருந்தா எங்கிட்ட வா."

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொரிந்துவிலிருந்து செய்தி கொண்டுவருகிறவன் சீமோஸ் என்ற கழுதைக்காரன். பானை கொண்டுவருவான், கம்பளி ஏற்றிப்போவான். முன்பல் ஒன்று இல்லாதவன், பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறவன். அவன் கழுதை மணி கேட்டாலே அர்க்கிப்பா எழுந்து உள்ளே போய்விடுவாள். கெட்ட செய்தி வந்துவிட்டது என்று பயம். "நல்லாருக்காளாம்க்கா" என்று நான் கத்தினால்தான் வெளியே வருவாள்.

மெலித்தா கர்ப்பமானபோது பயம் அதிகமானது. இப்போது அர்க்கிப்பா உள்ளே போகவில்லை. மணி கேட்பதற்கு முன்பே தெருமுனைக்குப் போய் நின்றாள். சீமோஸ் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னம்மா இப்படி முறைக்கறீங்க? நானா பிள்ள பெறப்போறேன்?" என்பான்.

குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, தாயும் சுகம். சீமோஸ் கையைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னான். நான் அழுதேன். கபிசியஸ் திராட்சை மது கொண்டுவர ஓடினான். அர்க்கிப்பாவின் முகம் தெளியும் என்று பார்த்தேன். தெளியவில்லை. அவள் இன்னும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு சமையல்கட்டில் என் கையைப் பிடித்தாள்.

"அந்த மணி கேட்டா நெஞ்சு அடிக்குது. மெலித்தாவ நினைச்சு பயம்னுதான் இத்தன நாள் இருந்தேன். மெலித்தாதான் நல்லாருக்காளே. இன்னும் ஏன் அடிக்குது?"

எனக்குப் பதில் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எங்கிட்ட வந்துட்டான், அந்தச் சாமி" என்றாள்.

மெலித்தாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். டிமரேத்தா அவளை மகள் என்றுதான் கூப்பிடுகிறாளாம். சீமோஸ் மாதம் ஒருமுறை வருகிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் வரும் நாட்களில் கபிசியஸ் வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். அவன் பின்னால் போய்விடாமலிருக்க, அர்க்கிப்பாவே அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய செருப்பு வாசலில், எப்போதும் என் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. கல்லை நான் கழுவுகிறேன்.