டிஷ்ஷைத் திருப்பும் அப்பா

"வந்துச்சா?"

மொட்டை மாடியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டதும் ஈரத் தலையோடு டி.வி. முன்னால் ஓடினேன். எழுபது வயதுக்கு மேல் ஆகியும், நான் குளித்து வருவதற்குள் ஏறிவிட்டிருக்கிறார். சேனல்கள் எச்.டி.க்கு மாறுகின்றன, நம் பழைய செட்-டாப் பாக்ஸில் சிலது இனி வராது, டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை, பாக்ஸைத்தான் மாற்ற வேண்டும் என்று காலையில்தான் சொல்லியிருந்தேன்.

சின்ன வயதிலும் இதே பொழிச்சலூர் வீடு, இதே கேள்வி. மழையில் அப்பா மாடியில், அம்மா படிக்கட்டில், நான் டி.வி. முன்னால். நான் சொல்லும் "இல்ல"வை அம்மா மேலே கத்துவாள். ஒருநாள் கட்டம் கட்டமாய்ச் சிதறிய படம் சட்டென்று தெளிந்தது. "வந்துடுச்சு" என்றேன். மேலே சத்தமே இல்லை. அம்மா ஓடினாள். கைப்பிடிச் சுவரில்லாத விளிம்பில் வழுக்கி, டிஷ்ஷைப் பிடித்துக் கிடந்தார் அப்பா. அந்த இழுப்பில்தான் படம் வந்திருந்தது.

"அப்பா, டிஷ் சரியாத்தான் இருக்கு. இறங்குங்க."

"இரும்மா, இன்னும் கொஞ்சம் திருப்பறேன்."

இந்த பாக்ஸில் இன்னும் வருகிற பழைய சேனல் ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

"வந்துடுச்சுப்பா. கைய எடுத்துட்டு வாங்க."

படிகளில் செருப்புச் சத்தம் கேட்டபிறகே மூச்சு விட்டேன். அப்பா உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"பாத்தியா? நல்ல பாக்ஸத் தூக்கிப் போடச் சொன்னியே. மீதி சேனலையும் நாளைக்குத் திருப்பிக் கொண்டாந்துடறேன்."