மொட்டைமாடியிலிருந்து வந்த நெல்வண்டிகள்

பெரியம்மா மகனைச் சதுரங்கத்தில் நான் ஒருமுறைகூட வென்றதில்லை. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினான்கு. கோடை விடுமுறைதோறும் வேலூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வருவான், பதினைந்து நாள் என்னைத் தோற்கடிப்பான், ஊருக்குத் திரும்புவான். அந்த வருடம் அவன் பஸ் ஏறுவதற்குள் வென்றே தீருவது என்று முடிவு செய்தேன். தோல்விக்குக் காரணமும் கண்டுபிடித்திருந்தேன். பலகை முழுவதும் அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அவனால் பார்க்க முடியாத இன்னொரு பலகை வேண்டும்.

சித்தப்பா பட்டுச்சேலைக் கரைகளுக்கு டிசைன் வரைபவர். அவர் கழித்துப்போட்ட கட்டம்போட்ட தாள்களில் இரண்டை வாங்கிக்கொண்டேன். ஒன்று கோட்டை, ஓரத்தில் அவர் வரைந்திருந்த அன்னப்பறவை வரிசையே மதில். மற்றது மாகறலிலிருந்து கோட்டைக்கு நெல் வரும் சாலை. கூடத்தில் நான் கோட்டையைக் காப்பேன், அண்ணன் முற்றுகையிடுவான். மொட்டைமாடியில் என் தங்கை புளியங்கொட்டைகளை வண்டிகளாக ஓட்டுவாள். அண்ணன் தரப்புக்கும் ஓர் ஆள் வேண்டுமே என்று தங்கையின் தோழியான எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்தோம். அவள் சோழிகளைக் கொள்ளையராக வைத்து வண்டிகளை மடக்குவாள். ஒரு வண்டி வந்து சேர்ந்தால் என் வீரர்கள் இரண்டு கட்டம் நகரலாம். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் கோட்டை சரண். அதற்குள் அண்ணனின் தளபதியைப் பிடித்துவிட்டால் வெற்றி எனக்கு.

வண்டி வந்ததா இல்லையா என்பதைச் சீட்டில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, மாடியிலிருந்து நூலில் கட்டி முற்றத்தில் இறக்க வேண்டும். கையெழுத்து குறைந்தால் சீட்டு செல்லாது. விதிகள் மொத்தம் பத்தொன்பது. இதைவிட மோசமாக எழுதப்பட்ட அரசாணைகளைப் பிற்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் சீட்டு இறங்கியது. வண்டி வந்தது. இரண்டாவதிலும் வந்தது. ஏழாவதிலும் வந்தது. என் வீரர்கள் மதிலைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“கையெழுத்து ரெண்டும் சரியாத்தான் இருக்குது. ஆனா என் ஆளு மேல இன்னாடா பண்ணிக்கினு இருக்குது?”

“தோக்கப் போறவங்க எல்லாரும் இதத்தான் கேப்பாங்க” என்றேன்.

பத்தாவது சீட்டில் அவனுடைய தளபதி சிக்கினான். என் வாழ்நாளின் முதல் வெற்றி. அதை அறிவிக்க மாடிக்கு ஓடினேன். அண்ணனும் பின்னாலேயே வந்தான்.

அங்கே சாலைத் தாள் பறந்துவிடாமல் மேலே ஒரு செங்கல் இருந்தது. புளியங்கொட்டையும் சோழியும் ஒரே குவியலாகக் கிடந்தன. இரண்டு பெண்களும் அவற்றை மேலே எறிந்து புறங்கையில் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ‘வண்டி வந்தது’ என்று எழுதி, இருவரும் முன்கூட்டியே கையெழுத்திட்ட சீட்டுகள் ஒரு கற்றை.

“ஏம்மா, ஒரு வண்டியக்கூடவா மடக்கல?” என்றான் அண்ணன்.

“மொதல்ல மடக்கலாம்னுதான் பாத்தேன்ணா” என்றாள் எதிர்வீட்டுப் பெண். “அதுல நெல்லுதானே போவுது? போவட்டும்னு வுட்டுட்டேன்.”

“சண்டையே போடாம எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று நான் கத்தினேன்.

“சண்டை போட்டே ஆவணும்னு நீ எழுதலியே” என்றாள் தங்கை. “வேணும்னா படிச்சுப் பாரு.”

படித்துப் பார்த்தேன். எழுதவில்லை.

அண்ணன் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து சிரித்தான். “உன் விதிப்படி நீதான்டா ஜெயிச்ச. வுடு.”

நான் விடவில்லை. என் வெற்றியை நானே ரத்து செய்தேன். இருபதாவது விதியை அங்கேயே எழுதினேன்: கொள்ளையர் கட்டாயம் கொள்ளையடிக்க வேண்டும். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும் என்று அறிவித்தேன்.

“அப்ப நான் வரல” என்று எதிர்வீட்டுப் பெண் எழுந்தாள். தங்கையும் அவளோடு படியிறங்கிப் போனாள். மறுநாள் அண்ணன் பஸ் ஏறினான்.

அவர்கள் இருவரும் எதற்காக எழுந்து போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இருபதாவது விதியில் ஏதோ ஒரு சொல் சரியாக விழவில்லை என்று நினைத்து, பள்ளி திறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.